ஆண்டியின் சொந்தபந்தங்கள்

பழனி முருகனை உறவை உதறியவன் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஞானப்பழம் அண்ணனுக்குப் போனதும் கோபித்துக்கொண்டு கோவணத்தோடு மலையேறிவிட்டான் என்கிறது கதை. ஊரைச் சுற்றிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

படிகள் தொடங்கும் இடத்திலேயே பாத விநாயகர் உட்கார்ந்திருக்கிறார். பழத்தை வாங்கிக்கொண்ட அதே அண்ணன்தான். அவரைக் கும்பிட்ட பிறகே படியில் கால் வைப்பது வழக்கம். நடுவழியில் இடும்பன். அகத்தியருக்காக இரண்டு குன்றுகளைக் காவடியாகத் தூக்கி வந்து, மறித்த சிறுவனோடு மோதி உயிர்விட்டு, அவனருளால் எழுந்து அவனுக்கே காவலனாகிவிட்டவன். தைப்பூசத்துக்குக் கொடி ஏறுவதோ மலையில் அல்ல, ஊருக்குள் பெரியநாயகியம்மன் கோயிலில். கோபித்துப் போன பிள்ளைக்கு அம்மா வீட்டில்தான் திருவிழா தொடங்குகிறது!

இதையெல்லாம் யோசிக்க வைத்தவர் என் அண்ணன். பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து அவர் என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. கல்யாணத்திலோ கருமாதியிலோ பார்த்தால் “சாப்பிட்டாயா?” என்பதோடு சரி. பேரனுக்கு முடியிறக்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் தம்பி என்று அண்ணி அழைத்ததால் போனேன்.

பேரனோடு அண்ணனும் மொட்டை போட்டுக்கொண்டார். தலையில் பூசிய சந்தனம் காயும் முன்பே குனிந்து, குழந்தையின் காதோரம் ஒட்டியிருந்த முடியை ஊதி ஊதித் தள்ளினார். பிடரிக்கு மேலே அவருக்கு இரண்டு மடிப்புகள். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. இத்தனை நாள் முடி மறைத்திருந்தது.

அண்ணியும் குழந்தையும் வின்ச்சில் ஏறிக்கொள்ள, நாங்கள் இருவரும் படி வழியாகக் கிளம்பினோம். பாத விநாயகர் முன்னால் அண்ணன் ஒரு தேங்காயை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே உடையுங்கள் அண்ணா.”

“நானே அண்ணன். அண்ணனுக்குத் தம்பிதான் உடைக்க வேண்டும்.”

சிரிக்காமல்தான் சொன்னார். உடைத்தேன்.

ஏறக்குறைய 700 படிகள். மூட்டுவலி, தேங்காய் விலை, மகனின் வேலை என்று பேச்சு போனது. வீட்டைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி மருந்தாகும்படி இந்தச் சிலையைச் செய்தார் என்பது நம்பிக்கை. பங்காளிகளைச் சேர்த்துக் கட்டும் வித்தையையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

சாயரட்சையில் ராஜ அலங்காரம். காலையில் சந்நியாசிக் கோலத்தில் நின்றவன் கிரீடமும் பட்டுமாக நிற்கிறான். ராஜாவாகப் பார்த்தால்தான் வாழ்வு வரும், ஆண்டிக் கோலம் வீட்டுக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் நிறைய. அண்ணியும் அந்தக் கட்சி. எனக்கு அந்தக் கணக்கு புரிவதில்லை. உள்ளே நிற்பது ஒருவன்தானே?

இறங்கியதும் படக்கடையில் அண்ணி ராஜ அலங்காரப் படத்தை எடுத்தார். அண்ணன் ஆண்டிப் படத்தை எடுத்தார். இரண்டுக்கும் அவரே பணம் கொடுத்து, ஆண்டியை என் பையில் வைத்தார்.

“உன் அண்ணி இதை வாசற்படி தாண்ட விடமாட்டாள். உன் வீட்டு முன்னறையில் மாட்டு. நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.”