ஈரோட்டு சப்போர்ட் டீமில் ஆட்டோ அசைன் போட்ட கதை

ஜவுளிக்கடை, மளிகை, மஞ்சள் மண்டி, மெடிக்கல் ஷாப் என்று சகல கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், ஈரோட்டில், வேலை பார்க்கிறேன். மாதம் முழுக்க ஒரு மாதிரி ஓடும் சப்போர்ட் வேலை 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வேறு மாதிரி ஆகிவிடும். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு (சுருக்கமாக 3பி) 20. விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்து காலாண்டுக்கு ஒருமுறை 3பி போடும் கடைக்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் 22. இந்தத் தேதிகளுக்கு முந்தின நாள் மத்தியானம் வரை யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இருக்காது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் இருக்கும்.

முன்பெல்லாம் பொது இன்பாக்ஸில் விழும் டிக்கெட்டை, அதாவது வாடிக்கையாளரின் ஒவ்வொரு புகாரையும், எங்கள் சீனியர் அக்கா ஒருவர்தான் திறந்து படித்துப் பிரித்துக் கொடுப்பார். கண்ணை எடுக்காமல் செய்வார், வேகமாகவும் செய்வார். அவர் இம்ப்ளிமென்டேஷன் பக்கம் மாறப் போகிறார் என்று முடிவானதும்தான், டிக்கெட்டை மென்பொருளே ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆட்டோ அசைன் பேச்சு வந்தது. முதலாளியைப் பொறுத்தவரை அது செட்டிங்ஸில் ஒரு டிக் போடும் வேலை. உண்மையிலேயே டிக் ஒன்றுதான். அதைப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் பெரிது.

எந்த மென்பொருளில் செய்தோம் என்று சொல்லப் போவதில்லை, விளம்பரமாகிவிடும். ஆனால் தேடுகிறவர்களுக்காகக் கொஞ்சம். ஓஎஸ்டிக்கெட் இலவசம், நம் சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம். ஃபில்டர் வைத்தோ, ஹெல்ப் டாபிக் (வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை வகை) வைத்தோ ஒரு டீமுக்கோ ஆளுக்கோ டிக்கெட்டை அனுப்பலாம். ஆனால் வரிசையாக ஆள் மாற்றி ஆள் கொடுக்கும் ரவுண்ட் ராபின் அதன் அடிப்படை வடிவத்தில் இல்லை, பிளக்-இன் தேட வேண்டும். 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், நம் ஊர்ச் சரக்கான சோஹோ டெஸ்க் இரண்டிலும் ரவுண்ட் ராபின், கையில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துக் கொடுப்பது, திறமை பார்த்துக் கொடுப்பது என மூன்றும் உண்டு. எது எந்தப் பிளானில் கிடைக்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். டெமோவில் எல்லாமே இருக்கும்.

நான் முதலில் செய்தது அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுதான். ஒவ்வொரு டிக்கெட்டையும் அவர் யாருக்குக் கொடுக்கிறார், ஏன் கொடுக்கிறார் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பிரச்சினை என்ன என்று படித்துவிட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படியே இல்லை. பாதிக்கு மேல் அவர் பார்த்தது அனுப்பியவர் பெயரை மட்டும். "இவரு பெருந்துறை மளிகைக்காரருங்க தம்பி. என்ன எழுதியிருந்தாலும் கடைசில பிரிண்டர்ல வந்துதான் நிக்கும்" என்பார். "இந்த மண்டிக்காரருக்குப் போன வாரம் யார் பேசுனாங்களோ அவங்களே பேசட்டும். மறுபடி முதல்ல இருந்து கதை சொல்லச் சொன்னா கோவிச்சுக்குவாரு" என்பார். சப்ஜெக்டில் 'அர்ஜென்ட்' என்று மட்டும் இருந்த ஒரு மெயிலை ஒரு நொடியில் மலையாளம் தெரிந்த பையனுக்குத் தள்ளினார். அனுப்பியது பாலக்காட்டுக் கடை.

இதையெல்லாம் ரூலாக்கினால் நாலு விஷயம் தேறியது: வாடிக்கையாளர் எந்த வகைக் கடை, எந்த மொழி பேசுவார், கடைசியாக அவரிடம் பேசியது யார், பிரச்சினை வரி சம்பந்தமா மெஷின் சம்பந்தமா. முதல் மூன்றும் டிக்கெட்டில் இருக்காது, வாடிக்கையாளர் விவரத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் அந்த விவரம் லைசென்ஸ் பட்டியல் எக்செல்லில் அரைகுறையாகக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு கடைக்கும் மொழியும் வகையும் போட்டு ஹெல்ப் டெஸ்க்குக்குள் ஏற்றியதுதான் மொத்த வேலையில் நீளமானது, சலிப்பானதும் அதுதான். ஒரே கடை மூன்று மெயில் ஐடியில் இருந்தது. கணக்குப்பிள்ளை ஐடி, முதலாளி ஐடி, முதலாளி மகனின் ஐடி. மூன்றையும் ஒரு கடையின் கீழ் கட்டாவிட்டால் 'கடைசியாகப் பேசியவர்' என்ற ரூல் வேலைக்கே ஆகாது.

பிறகு பிரச்சினையின் வகை. இணையப் படிவத்தில் வகை தேர்ந்தெடுக்க ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதில் முதலில் இருப்பதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டியலை நாலாகச் சுருக்கி, தானாக எதுவும் தேர்வாகாதபடி மேலே வெறுமையாக விட்டோம். அதன் பிறகுதான் அந்தத் தகவலை நம்பி ரூல் எழுத முடிந்தது.

மெயிலில் வருவதற்குப் படிவம் கிடையாது, வார்த்தையைத்தான் தேட வேண்டும். இங்கேதான் வேடிக்கை. 'ஜிஎஸ்டி' என்ற சொல் இருந்தால் வரி குரூப்புக்கு அனுப்பு என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் ரூல். ஓடவிடும் முன் பழைய டிக்கெட்டுகளில் தேடிப் பார்த்தோம். பார்கோடு ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்ற மெயிலும் மாட்டுகிறது, பாஸ்வேர்டு மறந்துபோன மெயிலும் மாட்டுகிறது. காரணம், நம் ஊர் வியாபாரிகள் மெயில் கடைசியில் பெயர், கடை முகவரி, கூடவே 15 இலக்க ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) போட்டிருப்பார்கள். 'வரி' என்ற ஒரே வலையில் ஊரே விழுந்தது. ஆகவே மெயிலின் உடம்பை, அதாவது உள்ளே எழுதியிருப்பதை, விட்டுவிட்டு சப்ஜெக்டில் மட்டும் தேடினோம். உடம்பில் தேட வேண்டிய இடங்களில் 'இ-வே பில்' (சரக்கு கொண்டுபோக எடுக்கும் சீட்டு), 'இ-இன்வாய்ஸ்', 'ஐஆர்என்' (இ-இன்வாய்ஸுக்குக் கிடைக்கும் எண்), '3பி' என்று கையெழுத்துப் பகுதியில் வராத சொற்களாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்த சிக்கல் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. 'பிரிண்ட் வரல' என்பதை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒரு எல், இரண்டு எல், ஒய் போட்டு, போடாமல், நடுவில் இடைவெளி விட்டு. 'வரல'-வைத் துரத்துவதை விட்டுவிட்டு 'பிரிண்ட்' என்ற சொல்லை மட்டும் பிடித்தோம். பிரிண்ட் நன்றாக வருகிறது என்று சொல்ல யாரும் மெயில் அனுப்பப் போவதில்லை.

ரூல்களின் வரிசையும் முக்கியம். எங்கள் அமைப்பில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் ரூலோடு நின்றுவிடும். அதனால் மிகக் குறுகிய ரூல் மேலே, பொதுவானது கீழே. உச்சியில் உட்கார்ந்திருப்பது எந்தக் குரூப்பும் அல்ல, தானியங்கிப் பதில்களைத் தூக்கி எறியும் ரூல். 'நான் விடுப்பில் இருக்கிறேன்' வகை மெயில் நம் தானியங்கிப் பதிலுக்குப் பதிலாக வந்து, புது டிக்கெட்டாகி, அதற்கு நாம் மறுபடி பதில் அனுப்பி, அது மறுபடி வந்து என்று விடிய விடிய ஓடக்கூடியது. இதற்கென்றே 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற இணைய விதிமுறை ஆவணம் இருக்கிறது. ஒழுங்காக அமைத்த தானியங்கி மெயிலின் ஹெடரில் 'ஆட்டோ-சப்மிட்டட்' என்ற வரி இருக்கும், அதைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம். ஒழுங்காக அமைக்காதவற்றுக்கு சப்ஜெக்டைப் பார்க்க வேண்டியதுதான்.

குரூப்புக்குள் போன டிக்கெட் ஆளிடம் போவது எப்படி என்பதில்தான் டீமில் சண்டை. ரவுண்ட் ராபின் நியாயமாகத் தெரியும்: உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆனால் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பதும் ஒன்று, டேட்டாபேஸ் கெட்டுப்போய் பேக்கப்பிலிருந்து மீட்டுக் கொடுப்பதும் ஒன்று. முன்னது ஒரு டீ ஆறுவதற்குள் முடியும், பின்னதில் அரை நாள் போகும். எண்ணிக்கை சமமாக இருப்பதாலேயே கஷ்டம் சமமாகிவிடாது. அதனால் கையிருப்பைப் பார்த்துக் கொடுக்கும் முறைக்குப் போனோம். ஒருவரிடம் ஓப்பனில் 6 இருந்தால் அடுத்தது வராது, குரூப்பிலேயே காத்திருக்கும்.

வாடிக்கையாளர் பதிலுக்காக நிற்கும் (பெண்டிங்) டிக்கெட்டை அந்த 6-இல் சேர்ப்பதா வேண்டாமா? சேர்த்தால், பதில் சொல்லாத கடைக்காரர்களாலேயே ஒருவரின் கை நிறைந்து, அவருக்குப் புது வேலையே வராது. சேர்க்காவிட்டால், எல்லாவற்றையும் பெண்டிங்கில் போட்டவருக்கு அள்ளிக் கொட்டும், மறுநாள் காலையில் பெண்டிங்கில் இருந்தவை எல்லாம் பதிலோடு திரும்பி வரும்போது அவர் கையில் 15 இருக்கும். நாங்கள் சேர்க்கவில்லை. அதோடு, முடிக்க மனமில்லாமல் டிக்கெட்டை ஓப்பனிலேயே வைத்திருந்தால் புதிது வராது என்று கண்டுபிடிக்க யாருக்கும் ரொம்ப நேரம் ஆகவில்லை. அது மென்பொருள் தீர்க்கும் விஷயமல்ல. டீம் லீட் தினமும் சாயங்காலம் பழைய ஓப்பன் பட்டியலைப் பார்த்து "இது என்னாச்சு?" என்று கேட்டால் போதும்.

ஆள் சீட்டில் இருக்கிறாரா என்பது அடுத்தது. ஏஜென்ட் தன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை ஆன், ஆஃப் செய்ய வேண்டும். சாப்பாட்டுக்குப் போகும்போது ஆஃப் செய்ய மறப்பார்கள், வந்தபின் ஆன் செய்ய மறப்பார்கள். இரண்டாவதை மறப்பது கொஞ்சம் அதிகம்! ஷிப்ட் முடியும் நேரத்தில் எல்லோரையும் தானாக ஆஃப் ஆக்கினோம். இது தவிர ஒரு பாதுகாப்பு ரூல்: கொடுத்து 30 நிமிடத்தில் முதல் பதில் போகவில்லை என்றால் ஆளிடமிருந்து பிடுங்கி மறுபடி குரூப்பில் போடு. கவனிக்க வேண்டியது, சில மென்பொருள்களில் நேரத்தை வைத்து ஓடும் ரூல்கள் மணிக்கு ஒருமுறைதான் ஓடும். அப்படியானால் உங்கள் 30 நிமிடம் என்பது 30-க்கும் 90-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும். அலுவலக நேரத்தைச் சரியாக நிரப்பவில்லை என்றால் இன்னொன்றும் நடக்கும்: ராத்திரி வந்த டிக்கெட் விடியும் வரை ஆளுக்கு ஆள் பந்தாடப்படும்.

20-ஆம் தேதிக்குத் தனி ஏற்பாடு. 18-இலிருந்து 20 வரை, 22-க்காகக் காலாண்டு மாதங்களில் இன்னும் இரண்டு நாள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரி குரூப்பில் இருக்க மாட்டார்கள். பிரிண்டர், இன்ஸ்டலேஷன் எல்லாம் அவர்களுக்கு. 3பி சம்பந்தப்பட்ட டிக்கெட் மட்டும் முன்னுரிமை ஏறி வரும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால் அந்தக் கடைகளை மாத நடுவிலும் தள்ளிப்போட முடியாது. ஐஆர்என் வராமல் லாரி கிளம்பாது. வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல். லோடு ஏற்றிவிட்டு டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் ஆள் அனுப்பும் டிக்கெட்டும், ரிப்போர்ட்டில் எழுத்துரு சிறிதாக இருக்கிறது என்று சொல்பவரின் டிக்கெட்டும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது.

ஆட்டோ அசைன் உதவாத இடமும் உண்டு. வெளியே எங்கோ ஒரு சர்வர் படுத்துவிட்டால் ஒரே காரணத்துக்காகச் சரமாரியாக டிக்கெட் வரும். ஆட்டோ அசைன் அதை அழகாக எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். எட்டுப் பேரும் தனித்தனியாக அதே காரணத்தைத் தேடுவார்கள், எட்டு விதமாகப் பதில் சொல்வார்கள். அதனால் இப்போது ஒரு ஸ்விட்ச் ரூல் இருக்கிறது. ஒருவர் அதை ஆன் செய்தால் அந்தச் சொல்லோடு வரும் டிக்கெட் எல்லாம் யாருக்கும் போகாமல் ஒரு மூல டிக்கெட்டுக்குக் கீழே தொங்கும். ஒருவர் மட்டும் பார்ப்பார், ஒரே பதில் எல்லோருக்கும் போகும். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் செட்டிங்ஸில் நான் நீக்க விடாத ரூல் இது.

வேலை பிரிவது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் முதலாளி, யார் எத்தனை முடித்தார்கள் என்று டிவியில் போடலாமே என்றார். வேண்டாம் என்று வாதாடினேன். போட்டால் எல்லோரும் பாஸ்வேர்டு டிக்கெட்டைத்தான் தேடுவார்கள், டேட்டாபேஸ் கெட்டுப்போன கடைக்காரர் காத்திருப்பார். இப்போதைக்கு டிவியில் கிரிக்கெட்தான் ஓடுகிறது.

அக்கா மாறிப் போய்விட்டார். எந்த ரூலிலும் மாட்டாத டிக்கெட்டுகளுக்கென்று 'யாருக்கும் இல்லை' பட்டியல் ஒன்று இருக்கிறது, அதைக் காலையிலும் மத்தியானமும் முறை வைத்து ஒருவர் பார்க்கிறோம். ஒரே மாதிரி மூன்று டிக்கெட் அதில் நின்றால் புது ரூல் எழுதுவேன். அதில் இப்போது அதிகம் கிடப்பது வாட்ஸ்அப்பில் வரும் வாய்ஸ் மெசேஜ். எழுத்து இல்லாததால் வார்த்தை தேடும் எந்த ரூலுக்கும் அது தெரியாது. அனுப்பிய எண் வாடிக்கையாளர் விவரத்தில் இருந்தால் மொழி பார்த்து ஆளிடம் போகும். இல்லையென்றால் யாராவது ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு, கடைப் பெயர் கண்டுபிடித்து, எண்ணைப் பதிவு செய்துவிட்டுத்தான் அசைன் செய்ய வேண்டும். அடுத்த முறை அதே எண்ணிலிருந்து வந்தால் தானாகப் போய்விடும்.