சி.எஸ்.எம்.மை அணைப்பதற்கு முன்

தலவாக்கலை டவுனில் போட்டோகொப்பி, டைப்செட்டிங், ஒன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிற சின்ன கொமியுனிகேஷன் என்னுடையது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்த மெஷின் வந்தாலும் விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்து இரண்டு வரியைப் பார்த்துவிடுவேன். 'பயோஸ் மோட்' யு.இ.எஃப்.ஐ.யா லெகஸியா, அதாவது பவர் போட்டதும் முதலில் ஓடுகிற மதர்போட்டின் பயோஸ் புதிய முறையில் எழுப்புகிறதா பழைய முறையிலா? 'செக்யூர் பூட் ஸ்டேட்', அதாவது விண்டோஸுக்கு முன்பே கண்டது எதுவும் ஓடாமல் பார்க்கிற காவல், ஓனா ஓஃபா?

பாதிக்கு மேல் லெகஸிதான். அப்படி இருந்தால் செக்யூர் பூட்டுக்கு நேரே 'அன்சப்போர்ட்டட்' என்று வரும். உடனே "இந்த மெஷினுக்கு அது இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல் மெஷினைப் பற்றியது இல்லை, அது இப்போது ஓடுகிற மோடைப் பற்றியது. கடந்த பத்து வருடத்துக்குள் வந்த பெரும்பாலான மெஷின்களில் செக்யூர் பூட் உள்ளே இருக்கிறது, யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

இந்த லெகஸி பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். விண்டோஸ் 7 காலத்தில் லைசன்ஸ் இல்லாமல் போட்டுக் கொடுக்க 'லோடர்' என்று ஒன்றைப் பாவித்தார்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே அது உள்ளே புகுந்து, இது பெரிய கம்பெனி தயாரித்த மெஷின்தான் என்று நம்பவைக்கும். அதற்கு லெகஸி மோட் வேண்டும். லோடரின் காலம் போய்விட்டது, போட்டுக் கொடுத்தவர்களின் கைப்பழக்கம் போகவில்லை. லோடர் புகுந்த அதே இடத்தால்தான் பூட்கிட் என்கிற, விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற வைரஸும் புகும். விண்டோஸே அதற்குப் பிறகுதான் எழும்புகிறது என்றால், விண்டோஸுக்குள் இருக்கிற வைரஸ் கார்ட் அதை எப்படிப் பிடிக்கும்?

செக்யூர் பூட் அடைப்பது அந்த வழியை. மதர்போட்டில் டி.பி. என்று ஓர் அனுமதிப் பட்டியலும் டி.பி.எக்ஸ். என்று ஒரு தடைப் பட்டியலும் இருக்கின்றன. பவர் போட்டதும் முதலில் ஓட வருகிற புரோகிராமின் டிஜிட்டல் கையொப்பத்தை பயோஸ் சரிபார்க்கும். தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் பேர் இல்லாதவர் மலைக்கு ஏறினாலும் கணக்கில் விழாத மாதிரி, பட்டியலில் இல்லாதது ஓடாது. அந்தப் பட்டியல்களை மாற்றவும் சாவி வேண்டும்: கே.இ.கே. என்பது பட்டியலைத் திருத்துகிற சாவி, பி.கே. அதற்கும் மேலே உள்ளது.

இது எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிற பென் டிரைவ்களில் ஃபோல்டரை மறைத்து ஷோர்ட்கட்டாகக் காட்டுகிறதே ஒரு வைரஸ், அதைச் செக்யூர் பூட் தடுக்காது. அது விண்டோஸுக்குள் நடக்கிற வேலை. செக்யூர் பூட்டையே தாண்டியதும் உண்டு. 2023 மார்ச்சில் ஈசெட் நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்ட பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட், பழைய, குறையுள்ள ஆனால் கையொப்பம் சரியாக உள்ள பூட் ஃபைலைக் கொண்டுவந்து உள்ளே போனது. அந்தப் பழைய ஃபைல்கள் அப்போது தடைப் பட்டியலில் இல்லை. ஓன் பண்ணினால் மட்டும் போதாது, பட்டியலும் புதுசாக இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இனி வேலை. அண்ணன் மகன் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். "அத்தை, வேலரண்ட் திறக்க மாட்டேங்குது, வேன்9003னு வருது" என்று போன் பண்ணினான். விண்டோஸ் 11இல் அந்த கேம் செக்யூர் பூட் கேட்கும். வீடியோ பார்த்து, பயோஸில் லெகஸி முறையை ஓடவிடுகிற சி.எஸ்.எம். என்ற செட்டிங்கை அணைக்கப் போனான். "கை வைக்காதடா, கடைக்குக் கொண்டு வா" என்றேன்.

அது எட்டாம் தலைமுறை கோர் ஐ3, பாவித்த மெஷின். விற்றவர் விண்டோஸ் 11இன் சோதனைகளைத் தாண்டி லெகஸியிலேயே போட்டிருந்தார். அப்படிப் போட்ட டிஸ்க், டிஸ்கைப் பிரித்து வைக்கிற பழைய முறையான எம்.பி.ஆரில் இருக்கும். யு.இ.எஃப்.ஐ.க்கு புதிய முறையான ஜி.பி.டி. வேண்டும். டிஸ்கை மாற்றாமல் சி.எஸ்.எம்.மை அணைத்தால் விண்டோஸ் வராது, பயோஸ் திரைதான் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தில் டிஸ்க் செத்துவிட்டது என்று பயந்து ஃபோமட் பண்ணி, பிள்ளைகளின் படங்களை எல்லாம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் போகவில்லை. சி.எஸ்.எம்.மைத் திரும்ப ஓன் பண்ணினால் பழையபடி எழும்பும்.

டிஸ்கை மாற்ற மைக்ரோசொஃப்டே 2017இலிருந்து எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவியை விண்டோஸோடு தருகிறது. கமாண்ட் புரொம்ட்டை அட்மினாகத் திறந்து, முதலில் 'வேலிடேட்' மட்டும். அது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்லும். இவனுடைய டிஸ்கில் முடியாது என்றது. காரணம், டிஸ்கை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுக்கிற நம் ஊர் கடைகளின் பழக்கம். அந்த ஈ டிரைவ், டிரைவ்களை உள்ளே அடக்கி வைக்கிற எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருந்தது. அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கருவி தொடாது, நேரடியாக நிற்கிற பிரைமரி பார்ட்டிஷனும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈயில் அப்பாயியின் கடைசிக் காலத்துப் படங்கள். எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் கொப்பி பண்ணி, அங்கே ஒன்றிரண்டைத் திறந்து பார்த்த பிறகே டிஸ்க் மேனேஜ்மண்டில் ஈயை அழித்தேன். அழித்ததும் இளம் பச்சையில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நிற்கும். அங்கே நிறுத்தக் கூடாது, அதையும் அழித்து மேலே கறுப்புக் கோடு வந்தால்தான் எக்ஸ்டெண்டட் போனதாக அர்த்தம். மறுபடி வேலிடேட், சரி என்றது. பிறகு 'கன்வர்ட்'. சில நிமிடத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பயோஸ். டிலீட் பொத்தானைத் தட்டி உள்ளே போய் சி.எஸ்.எம்.மை அணைத்து, சேவ் பண்ணி, மறுபடி உள்ளே போக வேண்டும். அவனுடைய போர்டில் அப்போதுதான் செக்யூர் பூட் மெனுவே கண்ணில் பட்டது. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு அம்சமான டி.பி.எம். 2.0க்காக இன்டெலின் பி.டி.டி.யையும் ஓன் பண்ணினேன். செக்யூர் பூட்டை 'எனேபிள்' ஆக்கியும் பக்கத்தில் 'நொட் எக்டிவ்' என்றே இருந்தது. சாவிகள் ஏறவில்லை, போர்ட் 'செட்டப்' மோடில் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். 'ரீஸ்டோர் ஃபெக்டரி கீஸ்' கொடுத்ததும் 'எக்டிவ்' ஆனது. அவனுக்கு கேம் திறந்த சந்தோஷம். அண்ணி அதே மெஷினில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், எனக்கு அதுதான் பெரிது.

லெப்டொப் என்றால் வேறு ஒரு கவனம். புதிய விண்டோஸ் 11 லெப்டொப் பலவற்றில், டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். பயோஸில் கை வைத்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கில்? ஒரு டீச்சரின் லெப்டொப்பில் பார்த்தால், விற்ற கடைக்காரர் தன் ஈமெயிலைப் போட்டுச் செட் பண்ணியிருந்தார். முதலில் டீச்சர் பேரில் கணக்கு, சாவி தாளில் பிரிண்ட், பிட்லொக்கரைச் சஸ்பென்ட், அப்புறம்தான் பயோஸ் என்று செய்தோம்.

மலைநாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் ஆனால் இடிதான், கரண்டும் போகும். யு.பி.எஸ். இல்லாமல் கன்வர்ட்டோ பயோஸ் அப்டேட்டோ பண்ண வேண்டாம், காலையில் பாருங்கள். இடிக்குப் பயந்து பிளக்கைக் கழற்றி வைக்கிறோம், அது சரிதான். ஆனால் பிளக் இல்லாதபோது மதர்போட்டின் சி.ஆர்.2032 பட்டரிதான் கடிகாரத்தைத் தாங்குகிறது, அதனால் கெதியில் தீரும். தீர்ந்தால் சில போர்டுகளில் எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குப் போய் செக்யூர் பூட்டும் அணைந்துவிடும். திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பட்டரியை மாற்றிவிட்டு எம்எஸ்இன்ஃபோ32ஐ மறுபடி பாருங்கள்.

உபுண்டு பாவிக்கிற கெம்பஸ் பிள்ளைகள் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. அதன் பூட் ஃபைலுக்கு மைக்ரோசொஃப்ட் கையொப்பம் இருக்கிறது.

ஓன் பண்ணிய பிறகு அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். கையொப்பத்தைச் சரிபார்க்க மைக்ரோசொஃப்ட் 2011இல் கொடுத்த செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாக முடிகிறது. பதிலான 2023 சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் பெரும்பாலான மெஷின்களுக்கு வருகின்றன. பழையதோடு இருக்கிற மெஷினும் எழும்பும், ஆனால் பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது. டேட்டா முடிந்துவிடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் மெஷினைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். வைஃபையில் போட்டு அப்டேட் பண்ணித் தருகிறேன், அதற்குக் காசு வாங்க மாட்டேன்.