நம்பர் மட்டும் எழுதிய பாட்டில்கள்

லாஸ் ஏஞ்சலிஸில், எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து சிறிது தூரத்தில், சன்செட் புலவார்டை ஒட்டி டீக்கி-டீ என்று ஒரு பார் இருக்கிறது. பன்னிரண்டு ஸ்டூல், ஓரமாகச் சில மேசைகள், அவ்வளவுதான் இடம். சுவரெல்லாம் பசிபிக் தீவுகளின் பாணியில் செதுக்கிய மர முகங்கள். சிலர் ஒரு குறிப்பிட்ட பானத்தைக் கேட்டால் கடை முழுவதும் சேர்ந்து "டோரோ, டோரோ" என்று கத்தும். எனக்குக் குடியில் அவ்வளவு நாட்டம் கிடையாது, ஒரு கிளாஸோடு நிறுத்திவிடுவேன். ஆனாலும் பகல் ஷிஃப்ட் முடிந்து லேப் ஆட்கள் அங்கே கிளம்பினால் நானும் சேர்ந்துகொள்வேன்.

என்னை முதலில் கூட்டிப்போனவர் எங்கள் கெமிஸ்ட்ரி பிரிவின் மூத்த டெக்னாலஜிஸ்ட். பிலிப்பைன்ஸ்காரர், எல்லோருக்கும் அவர் 'குயா', நாம் அண்ணன் என்கிற மாதிரி. அந்தக் கடையை 1961-இல் திறந்தவரும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்தான். பெயர் ரே பூஹன். அவர் காலமான பிறகு மகனும் பேரன்களும் நடத்துகிறார்கள். குயா அங்கே உட்காரும்போது முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. பூஹன் அதற்கு முன் எங்கே வேலை பார்த்தார் என்று தெரிந்த பிறகுதான் விளங்கியது.

1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. அதையொட்டி ஹாலிவுட்டில் எர்னெஸ்ட் கான்ட் என்பவர் 'டான் தி பீச்கோம்பர்' என்ற பாரைத் திறந்தார். டீக்கி பார் என்ற வகையே அங்கிருந்துதான் கிளைத்தது. ரம் கரீபியனுடையது, அலங்காரம் பாலினேசியத் தீவுகளுடையது, சாப்பாடு பெரும்பாலும் கான்டனீஸ், பானத்தைக் கலக்கிய கைகள் பிலிப்பைன்ஸ்காரர்களுடையவை. டீக்கி எனப்படும் தெய்வ உருவங்களைக் கோப்பையாக்கியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, அதை அந்தத் தீவுக்காரர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கைகளின் கதை.

அப்போது கலிபோர்னியாவில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிலைமை மோசம். வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்யக்கூடாது என்ற சட்டம் 1933-இல் அவர்கள் மேலும் பாய்ந்தது. 1934-இல் வந்த சட்டம் அவர்களுடைய குடியேற்றத்தை வருடத்துக்கு 50 பேர் என்று சுருக்கியது. தோட்டம், ஹோட்டல், சமையலறை, இவைதான் அவர்களுக்குக் கிடைத்த வேலைகள். டான் கடையிலும் வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்கட்டில் நின்று அவர்கள் பானம் கலக்கினார்கள். ரே பூஹன் அந்த முதல் தலைமுறையில் ஒருவர்.

அங்கே பாட்டில்களில் உள்ளே இருப்பது என்ன என்று எழுதியிருக்காதாம். 'ஸ்பைஸ் 2', 'ஸ்பைஸ் 4' என்று நம்பர் மட்டும். வேலைக்காரர் வேறு கடைக்குப் போனாலும் செய்முறை கூடப் போகக்கூடாது என்பதற்காக. பூஹன் இங்கிள்வுட்டில் ஒரு கம்பெனிக்குப் போய் அந்த நம்பர் பாட்டில்களை வாங்கி வருவாராம். அங்கே ஒரு கெமிஸ்ட் பெட்டகத்தைத் திறந்து சரக்கை எடுத்துக் கலந்து கொடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிடுவாராம். இதை அவருடைய மகன் மைக் சொல்லியிருக்கிறார்.

லேபில் வேலை செய்கிற யாருக்கும் இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். எங்களிடம் பெயர் ஒட்டாத ரத்தக் குழாய் வந்தால் அதைத் தொடவே மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம். ரீஏஜென்ட், அதாவது டெஸ்டுக்குச் சேர்க்கிற ரசாயனம், அந்தப் பாட்டிலில் உள்ளே இருப்பது என்ன, எந்தத் தொகுதியில் தயாரானது என்கிற லாட் நம்பர் என்ன, எப்போது திறந்தது, யார் திறந்தது என்று எல்லாம் இருக்கவேண்டும். கையில் இருப்பது இன்னதென்று தெரிந்து வேலை செய்வது வேலைக்காரனுக்குக் கொடுக்கிற குறைந்தபட்ச மரியாதை என்று நான் நினைக்கிறேன். ஒருவர் வருடக்கணக்காகத் தினமும் கலக்குகிற சாமான் என்னவென்று அவருக்கே சொல்லாமல் வைப்பது திருட்டுக்குக் காவல் மட்டும் இல்லை. அந்த மனிதரை நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது.

அப்புறம் நடந்தது இன்னும் பெரிது. டான் கடையின் பெயர் பெற்ற 'ஸோம்பி' பானத்தின் மூலச் செய்முறை பல வருடம் கிடைக்காமலே இருந்தது. ஜெஃப் பெர்ரி என்ற ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டுபிடித்தார். கிடைத்த இடம் முதலாளியின் பெட்டகம் இல்லை. அங்கே வேலை பார்த்த டிக் சான்டியாகோவின் சட்டைப்பை நோட்டு. 1930களில் அவர் எழுதிவைத்ததை அவர் மகள் பத்திரமாக வைத்திருந்தார். அதிலும் சில இடங்களில் நம்பர்தான் இருந்தது. நாலாம் நம்பர் லவங்கப்பட்டை சிரப் என்று இன்னொரு பழைய பார் ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்தது. மறைத்தவர்கள் மறைத்ததெல்லாம் போனது, வேலை செய்தவர்கள் எழுதிவைத்தது மிஞ்சியது.

சரி, எங்கள் லேபுக்கு வருகிறேன். குயாவின் கோட் பாக்கெட்டிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு. எமர்ஜென்சியிலிருந்து அவசரமாக வரும் சாம்பிள் சரியாக உறையும் முன்பே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிவிட்டால், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரத இழை மெஷினின் ஊசியை அடைத்துக்கொள்ளும். அது திரையில் எப்படித் தெரியும், எங்கே முதலில் பார்க்கவேண்டும், ரீஏஜென்ட்டில் குமிழி வந்தால் எந்த டெஸ்ட் முதலில் தப்பும் என்றெல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் இருக்கும். மேனுவலில் எர்ரர் கோடு மட்டும்தான் இருக்கும். ராத்திரி ஷிஃப்டில் புதிதாக வந்த பெண் ஒருத்தி அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அலுத்துக்கொண்டதே இல்லை.

ஆனால் தணிக்கைக்கு வருகிறவர்கள் கையெழுத்துக் குறிப்பை மேசையில் பார்த்தால் எடுக்கச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது, யார் சரிபார்த்தது என்று தெரியாத குறிப்பை நம்பி நோயாளிக்கு ரிசல்ட் கொடுக்க முடியாது. அதற்காக அந்த அறிவைப் பாக்கெட்டிலேயே விட்டுவிட்டு அவர் ஓய்வு பெறும்வரை காத்திருப்பதா? ஒருநாள் மாலை அந்த பாரிலேயே உட்கார்ந்து இதைக் கேட்டேன். குயா சிரித்துவிட்டு நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அதை முறையான செய்முறை ஆவணமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஊசி அடைப்பு பகுதி முடிந்து லேப் இயக்குநரின் கையெழுத்துக்குப் போயிருக்கிறது. 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னார், அவர் பெயரைத்தான் போட்டேன். அடுத்தது குமிழி. அதில் அவர் எழுதியிருக்கும் ஒரு குறிப்பை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த சாம்பிள், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று விட்டுவைத்திருக்கிறோம்.