டிஸ்சார்ஜுக்குப் பிறகு: போதை மீட்பில் ஃபாலோ-அப் நடத்தும் விதம்

"ஏதாவது பிரச்சினைன்னா வாங்க" என்று சொல்லி அனுப்புவதை நாங்கள் ஃபாலோ-அப் என்று கணக்கில் எடுப்பதில்லை. மறுபடி ஆரம்பித்தவர் வெட்கத்தில் வரவே மாட்டார். நாங்கள்தான் கூப்பிடுகிறோம். டிஸ்சார்ஜுக்கு முன்பே மூன்று பேருடைய எண்களை, சிகிச்சை பெற்றவர் கையெழுத்திட்ட சம்மதத்தோடு வாங்கிவிடுவோம். ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். சண்டை வந்தால் வீட்டு எண்கள் எதுவும் உதவாது. அவர்களிடம் பேசும்போது, சம்மதத்தில் எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை விடக் கூடாது.

முதல் மூன்று மாதம் வாரம் ஒரு போன். ரிலாப்ஸ், அதாவது பழைய பழக்கத்துக்கே திரும்பும் அபாயம், அப்போதுதான் அதிகம். பிறகு மாதம் இரண்டு. ஓராண்டுக்கு மேல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில். "குடிச்சீங்களா?" என்று ஆரம்பித்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். தூக்கத்தைக் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தடவை விழித்தார். குடியை விட்டு மாதக்கணக்காகியும் தூக்கம் கூடாதவர்கள் நிறைய, பலர் மறுபடி பாட்டிலைத் தொடுவதும் அதற்காகத்தான்.

மாத்திரையில்தான் குளறுபடி அதிகம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) தொடங்கக் கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை ரியாக்‌ஷன் வரலாம். "முந்தாநாளே விட்டாச்சே" என்று குடிப்பவர் வாந்தி, படபடப்போடு எமர்ஜென்சிக்குப் போகிறார். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப், மவுத்வாஷ்கூட ஆகாது. அவருக்குத் தெரியாமல் இந்த மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வீட்டார் உண்டு. உயிருக்கே ஆபத்து என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போதை ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோனுக்கு வேறு கண்டிஷன்: ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) விட்டு 7 முதல் 10 நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

ஓபியாய்டுக்காரர்களிடம் இன்னொன்று. நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை ஒரே ஒருமுறை எடுத்தாலே மூச்சு நின்றுபோகலாம். ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் நலாக்ஸோன் வீட்டில் இருக்கிறதா, அடிக்கத் தெரிந்தவர் யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

இரண்டு போன் தவறினால் அன்றே அடுத்த எண். ஸ்லிப் (மறுபடி தொட்டுவிட்டார்) என்று தெரிந்தால் திட்டுவதற்கு முன் எத்தனை நாளாக, எவ்வளவு என்று கேளுங்கள். நாள்கணக்கில் தொடர்ந்து குடித்தவரிடம் "இப்பவே நிறுத்துங்க" என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அவரை டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வைக்க வேண்டும்.