எம்ஜிபியின் கைபிரேக்: ஒரு நாட்குறிப்பு

2024 மார்ச் 2, சனி

இன்று காலை, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே உள்ள போர்ஸ் ஹில் இறக்கத்தில் வண்டி தானாக நகர்ந்தது. சாலையோரம் நிறுத்தி, கைபிரேக்கை இழுக்கும் வரை இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன். கதவைச் சாத்தும்போது கதவின் கைப்பிடி என் விரல்களை மெல்ல இழுப்பதுபோல் இருந்தது. இரண்டடி போவதற்குள் பாய்ந்து உள்ளே காலை விட்டுப் பிரேக்கை அழுத்தினேன். பிறகு ரிவர்ஸ் கியரில் போட்டு, முன்சக்கரங்களை நடைபாதைக் கல்லின் பக்கம் திருப்பி நிறுத்தினேன். இறங்கி நின்ற பிறகும் கை நடுங்கியது. கீழே ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

என்னுடையது 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஆக்ஸ்ஃபோர்டில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவுகூட இல்லாத அபிங்டனில் பிறந்த வண்டி. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் அங்கிருந்து வெளிவந்தன. 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

நாற்பது வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிக்கு இந்த நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வண்டித் தகுதிச் சோதனை 2018 மே முதல் கட்டாயம் இல்லை. வண்டியைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதாவது, இந்தக் கைபிரேக்கைச் சோதித்துப் பார்க்க என்னை விட்டால் ஆள் இல்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலைத் தாங்கிகளில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தேன்.

கைபிரேக் கைப்பிடியின் அடியில், வண்டிக்குக் கீழே, ஒரு பித்தளை நட்டு உண்டு. அதை இறுக்கினால் கேபிள் இறுகும். கடந்த செப்டம்பரில் கைப்பிடி அதிகம் மேலே வருகிறது என்று நான் அதைத்தான் இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை. நன்றாகப் பிடித்தது. இப்போது அந்த நட்டைத் தாண்டி இரண்டு மரைதான் மிச்சம் இருக்கிறது.

கைபிரேக்குக்கென்று தனி பிரேக் எதுவும் இந்த வண்டியில் இல்லை. கால்பிரேக் தள்ளும் அதே பின்சக்கர ஷூக்களை (டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டைகள்), சக்கரத்தோடு சுழலும் பத்து அங்குல டிரம்முக்குள், கேபிள் ஒரு நெம்புகோல் வழியாகத் தள்ளுகிறது. ஷூவின் மேலுள்ள உரசும் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அதைக் குறைக்க வேண்டிய இடம் சக்கரத்தின் பின்தட்டில் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டர். அதை விட்டுவிட்டுக் கேபிளை இழுத்துக் கட்டினால், கைபிரேக் இறங்கியிருக்கும்போதே நெம்புகோல் பாதி வழி நகர்ந்து நிற்கும். பிறகு அது தள்ளுவதற்கு மிச்சத் தூரமே இருக்காது. சக்கரம் சொல்ல வந்ததை ஆறு மாதமாக நான் கேபிளை வைத்து அடக்கியிருக்கிறேன்.

பித்தளை நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மார்ச் 9, சனி

வலது அட்ஜஸ்டர் எளிதாகச் சுழன்றது. உள்ளே ஆப்பு போன்ற முனை நான்கு முகங்களோடு இருப்பதால், கால் சுற்றுக்கு ஒருமுறை ஸ்பேனர் வழியாக ஒரு ‘டக்’ கைக்கு வரும். இடதுபக்கம் அந்த ‘டக்’ இல்லை. துருவில் இறுகிக் கிடந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, முன்னும் பின்னுமாக மயிரிழை மயிரிழையாக அசைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இளகியது. அவசரப்பட்டிருந்தால் சதுரத் தலை மழுங்கி வட்டமாகியிருக்கும்.

பிறகு டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைக் கழற்றி, மரச்சுத்தியலால் சுற்றித் தட்டி டிரம்மை இழுத்தேன். உள்ளே பார்த்ததும் மனம் கனத்தது. லைனிங் கறுத்து மினுங்கியது. அடியில் தூசியும் எண்ணெயும் குழைந்து களிம்பாகப் படிந்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன்: கந்தக வாடை. பிரேக் திரவமாக இருந்திருந்தால் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். இது விரலில் வழவழவென்று ஒட்டிக்கொண்டது. பிரேக் திரவத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளும் ஈரமில்லை. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் எண்ணெய்தான் ஆக்ஸில் வழியாக ஓடி, ஹப்பின் (சக்கர நடுப்பகுதியின்) சீலை, அதாவது எண்ணெய்த் தடுப்பு வளையத்தைத் தாண்டி வந்திருக்கிறது.

தூசியை ஊதவில்லை, காற்றும் அடிக்கவில்லை. முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவைத்தேன். பழைய பிரேக் லைனிங்குகளில் கலந்த கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) பிரிட்டன் முற்றாகத் தடைசெய்தது 1999இல்தான். இந்த ஷூக்களை யார், எந்த ஆண்டில் போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 10, ஞாயிறு

சீல் ஏன் கசிந்தது என்று தெரியாமல் புதுச் சீல் போட மனம் வரவில்லை. ஆக்ஸில் குழாயின் மேலே காற்றுப்போக்கி ஒன்று உண்டு. ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகிக் காற்று விரியும். அது வெளியேற அதுதான் வழி. மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. பல வருடச் சேறு காய்ந்து கல்லாகி அடைத்திருந்தது. வழி இல்லாத காற்று எண்ணெயை சீலின் பக்கம் தள்ளியிருக்கிறது. குத்திச் சுத்தம் செய்தேன்.

இரண்டு சீல்களும், பின்சக்கரங்கள் இரண்டுக்குமான ஷூக்களும் வாங்க எழுதிவைத்தேன். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, அடுப்பில் சுட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே காய்ந்தாலும், சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். ஒரு பக்கம் மட்டும் புதிது போடுவதும் கூடாது. இடதும் வலதும் வெவ்வேறாகப் பிடித்தால், மழையில் அழுத்தும்போது வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கும்.

மார்ச் 16, சனி

சீலை எடுக்க முதலில் கழற்ற வேண்டியது ஹப் நட்டு. கோட்டை மதில் போல வெட்டுகள் கொண்ட பெரிய நட்டு, குறுக்கே பிளவுபட்ட ஊசி. அசையவே இல்லை. டிரம்மை மாட்டி, இரண்டு அட்ஜஸ்டர்களையும் முழுக்க இறுக்கி, கியரில் போட்டு, மகளைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஸ்பேனரின் நீளமான கைப்பிடியை மெதுவாக, ஒரே சீராக அழுத்தினேன். படீரென்று ஒரு சத்தம். “அப்பா, என்னவோ உடைந்துவிட்டது!” என்று உள்ளிருந்து கத்தினாள். உடையவில்லை, நட்டு இளகியது.

பழைய சீலின் உதடு நகம் போலக் கெட்டியாகியிருந்தது. புதியதற்கு எண்ணெய் தடவி, நேராக உட்காரும்படி பொறுமையாகத் தட்டினேன். நட்டை 150 பவுண்டு-அடி முறுக்குவிசைக்கு இறுக்கி, புது ஊசி போட்டேன். வலதுபக்கம் சீலில் கசிவு இல்லை. ஆனாலும் மாற்றினேன்.

மார்ச் 17, ஞாயிறு

முழு நாளும் இதற்கே போனது, மகிழ்ச்சியாகவே போனது. ஷூக்களைத் தொடும் முன் கை கழுவினேன், ஒரு விரல் ரேகைகூட லைனிங்கில் படக் கூடாது என்று. ஸ்பிரிங்குகள் அதனதன் துளையில்தானா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டேன்.

அட்ஜஸ்டரை டிரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கினேன். மகள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள், ஷூக்கள் நடுவில் வந்து அமர்ந்தன. மறுபடி இறுக்க இடம் கிடைத்தது. பிறகு இரண்டு ‘டக்’ பின்னால். டிரம் சுழன்றது, ஒரு இடத்தில் மட்டும் காகிதம் உரசுவதுபோல் லேசான ஒலி.

அதன் பிறகுதான் கேபிள். இழுவையை இருபுறமும் சமமாகப் பிரிக்கும் ஆக்ஸில் மேலுள்ள சமன்கோல் வறண்டு இறுகியிருந்தது. கழுவிக் கிரீஸ் வைத்தேன். கேபிளில் கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனையிலும் புதுக் கிரீஸ் ஏற்றினேன். இணைப்பு ஊசிகளில் ஒன்று நடுவில் இடுப்புபோல் தேய்ந்திருந்தது, மாற்றினேன். கடைசியாகப் பித்தளை நட்டைக் கேபிளின் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். விரலால் தட்டினால் கேபிள் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. அந்த ஆட்டம் இருக்க வேண்டும்.

கைபிரேக் கைப்பிடி இழுக்க இழுக்கப் பல் பல்லாக ஏறும். மூன்றாம் பல்லில் இரண்டு சக்கரங்களும் ஒரே அளவு இறுகுகின்றன. நான்காம் பல்லில் இரண்டு கையாலும் திருப்ப முடியவில்லை.

மார்ச் 23, சனி

அதே இறக்கம், அதே இடம். கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க, நான்கு பல் இழுத்துக் காலை எடுத்தேன். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டி லேசாகத் தலையை அசைத்துவிட்டு நின்றது. பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பின்சக்கர நடுப்பகுதிகளைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வெதுவெதுப்பு. உரசல் இல்லை.

ஏப்ரல் 6, சனி

இருநூறு மைல் ஓடியிருக்கிறது. புது லைனிங் டிரம்மோடு படிந்ததில் கைப்பிடி ஐந்தாம் பல்லுக்கு ஏறியிருந்தது. பித்தளை நட்டைத் தொடவில்லை. அட்ஜஸ்டரில் வலதுக்கு ஒரு ‘டக்’, இடதுக்கு ஒரு ‘டக்’. மீண்டும் நான்கு. காற்றுப்போக்கியில் கம்பி தடையில்லாமல் போகிறது, இடது டிரம்மின் உட்புறம் காய்ந்திருக்கிறது. இறக்கத்தில் நிறுத்தினால் இப்போதும் ரிவர்ஸ் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.