சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை வேறொன்று

ஓட்டு வீட்டில் வளர்ந்தவனுக்குக் கூரையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. வீட்டில் எங்காவது சொட்டினால் பரணில் ஏறி அண்ணாந்து பார்ப்பேன், உடைந்த ஓட்டின் இடுக்கில் வெளிச்சம் தெரியும், அந்த ஓட்டை மாற்றினால் பொத்தல் அடைபட்டுவிடும். அவ்வளவுதான் வித்தை.

அந்தத் தெம்பில்தான் வேலை பார்க்கும் இடத்தில் கிடங்குக் கூரையில் கைவைத்தேன். பெரிய தட்டைக் கூரை, மேலே கறுப்பு ரப்பர் ஷீட். கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடம் இரண்டு சுவர்களிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று அளந்து, மேலே போய் அதே இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு டியூப் சீலன்டைப் பிதுக்கித் தேய்த்துவிட்டு இறங்கினேன். அடுத்த மழையிலும் சொட்டியது. மறுபடி பூசினேன். மூன்றாவது தடவையும் பெட்டிகள் நனைந்த பிறகுதான் கூரை வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் நான் பூசிய இடத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, நேராக ஏசி யூனிட் பக்கம் போய், அதன் குழாய் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் ரப்பர் பிளந்திருந்த இடுக்கில் விரலை நுழைத்துக் காட்டினார். என் சீலன்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி.

எப்படி என்றால், இந்த மாதிரிக் கூரை ஒற்றை அடுக்கு இல்லை. அடியில் அலை அலையாக மடித்த இரும்புத் தகடு, அதன் மேல் இன்சுலேஷன் பலகைகள், அதற்கும் மேல்தான் ஷீட். ஷீட்டில் ஓரிடத்தில் புகுந்த தண்ணீர் பலகைகளின் இடுக்கில் இறங்கி, தகட்டின் பள்ளத்தில் ஓடி, எங்கே இணைப்பு விட்டிருக்கிறதோ அங்கே சொட்டும். அதனால்தான் இந்த வேலைக்காரர்களில் சிலர் வெயில் அடித்த நாளில் பொழுது சாய்ந்த பிறகு வெப்பக் கேமராவோடு ஏறுகிறார்கள். நனைந்த பலகை பகலில் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் விடாது, காய்ந்த பலகை விட்டுவிடும். படத்தில் ஈரம் தனித் திட்டாகத் தெரியும்.

அன்றைக்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன், ஏறிப் பார்த்தேன், கேட்டேன். வீட்டுக் கூரை, வணிகக் கட்டடக் கூரை என்று பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பெயர்களே நம்மைக் குழப்புகின்றன என்று இப்போது தோன்றுகிறது. கீழே யார் இருக்கிறார்கள் என்பது கூரைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, மட்டும்தான். மொட்டைமாடி வீடு கிடங்கின் சாதி, சரிவுக் கூரை போட்ட கடை வீட்டின் சாதி.

ஓட்டுக்கூரை உண்மையில் தண்ணீர் புகாத கூரையே இல்லை. ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, காற்று நுழைகிறது. மீன் செதில் மாதிரி மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருப்பதால், புகுவதற்குள் தண்ணீர் ஓடிவிடுகிறது, மீதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. சரிவைக் குறைத்தால் இந்த ஏற்பாடு படுத்துவிடும். 12 அடி கிடைமட்டத்துக்கு 3 அடியாவது உயர்ந்தால்தான் சரிவுக் கூரை, அதற்குக் கீழே தாழ்சரிவு என்று அமெரிக்கத் தொழில் வழக்கில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். தட்டைக் கூரைக்கு அவர்கள் கேட்பது அடிக்குக் கால் அங்குலம், அதாவது 10 மீட்டருக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். கண்ணால் பார்த்தால் வாட்டம் இருப்பதே தெரியாது. அங்கே தண்ணீர் அவசரமே இல்லாமல்தான் போகும், போகும் வழியில் ஒரு ஊசித் துளை கிடைத்தாலும் விடாது. ஆகவே அந்தக் கூரை கிட்டத்தட்டத் தொட்டி கட்டுவது போல, இடைவெளியே இல்லாத ஒரே தோலாக இருக்க வேண்டும்.

தோலை எப்படி ஒரே தோலாக்குவது என்பதில்தான் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. டி.பி.ஓ., பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை ஷீட்களைச் சூடான காற்றால் உருக்கி ஒன்றோடொன்று வெல்டிங் செய்துவிடலாம். எங்கள் கிடங்கில் இருந்த இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரை அப்படி உருக்க முடியாது, பசையோ டேப்போ போட்டுத்தான் ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் அதற்கு ஆகாது, சமையல் புகைபோக்கியைச் சுற்றி ஊறி உப்பிவிடும். உணவகக் கூரை என்றால் பி.வி.சி. பக்கம் போவது நல்லது. தார் அடுக்குகள் பழைய முறை, இன்னும் நன்றாகவே உழைக்கிறது.

என்னை உண்மையிலேயே பயமுறுத்திய விஷயம் தண்ணீரின் எடை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் 1 கிலோ. கேட்கச் சாதாரணமாக இருக்கும். வடிகால் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டு, கைப்பிடிச்சுவருக்குள் 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தில் 10 சென்டிமீட்டர் தேங்கிவிட்டது என்று வையுங்கள், 10 டன். இரும்புச் சட்டக் கூரை அந்தப் பாரத்தில் கொஞ்சம் தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தேங்கும், அதனால் இன்னும் தொய்யும். இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தாழ்வாரக் குழாய் அடைத்தால் வாசலில் கொட்டும், திட்டிக்கொண்டே குடையைப் பிடிப்போம், அதோடு சரி. தட்டைக் கூரைக்கு வடிகால் தவிர, சற்று உயரத்தில் தனியாக ஓவர்ஃப்ளோ வழி இருந்தே ஆக வேண்டும். எங்கள் கிடங்கில் இருந்தது, ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் பறவை வராமலிருக்க அதைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்.

காற்றும் வேறு விதமாக அடிக்கிறது. அது கூரையை அழுத்தும் என்று நினைத்திருந்தேன், இல்லை, சுவரில் மோதி விளிம்பைத் தாண்டி எழும்போது கூரையை மேலே உறிஞ்சுகிறது. மூலைகளில் அந்த இழுப்பு மிக அதிகம். அதனால் மூலையிலும் ஓரத்திலும் ஸ்க்ரூக்களை நெருக்கமாக அடிக்க வேண்டும், நடுவில் அடிக்கும் கணக்கு அங்கே போதாது. வீட்டில் நாலு ஓடு பறந்தால் நாலு ஓடு மாற்றலாம். இங்கே ஓரத் தகடு கழன்றால் காற்று அதன் வழியே ஷீட்டைப் போர்வை மாதிரி உருவிவிடும்.

நீளமான தகரக் கூரைக்கு வேறொரு தொல்லை. 30 மீட்டர் எஃகுத் தகடு 50 டிகிரி சூடேறினால் 18 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் என்றால் ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. இரவில் திரும்பச் சுருங்கும். ஸ்க்ரூவால் இறுக்கிக் கட்டிப்போட்டால் தினமும் இழுத்து இழுத்துத் துளையே நீண்டுவிடும், பிறகு வாஷர் என்ன செய்யும்? அதனால்தான் நீளமான தகடுகளை வழுக்கி நகரும் கிளிப்பில் மாட்டுகிறார்கள். வீட்டுச் சின்னத் தகரத்தில் இந்த நீட்சி யார் கண்ணிலும் படாது.

பழுதுபார்க்கும் முறையும் மாறுகிறது. வீட்டுக் கூரையைப் பிரித்துச் சில நாட்களில் மூடிவிடலாம். கிடங்கைக் காலி செய்ய முடியாதே, சரக்கு உள்ளே இருக்கும்போதே பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு மாலையும் அன்று பிரித்த ஓரத்தைப் பழைய ஷீட்டோடு ஒட்டி மூடிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்புறம் ஒன்று: மேலே நடக்கும்போது வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடி இழைத் தகட்டில் கால் வைத்துவிடாதீர்கள். அழுக்குப் படிந்தால் அது மற்றத் தகடு மாதிரியே இருக்கும், ஆளைத் தாங்காது.

என் சொந்த அபிப்பிராயம், தட்டைக் கூரைகளைக் கொல்வது மழை இல்லை, ஏசி மெக்கானிக்குகள். ஓட்டுக்கூரை மேல் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை, கிடங்குக் கூரையோ பொதுவழி. கழற்றிய ஸ்க்ரூவை அங்கேயே போடுவார்கள், அடுத்த ஆள் பூட்ஸ் காலால் அதை ஷீட்டுக்குள் மிதித்து இறக்குவார். இப்போது கூரையில் உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் எண் போட்டு ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன், செங்கல்லை எடுத்தாயிற்று, யூனிட்டுகளுக்குப் போகும் வழியில் தடித்த நடைபாய்கள் ஒட்டியாயிற்று. மெக்கானிக் வந்துபோன மறுநாள் ஒரு பையோடு ஏறுகிறேன். போன தடவை 7 ஸ்க்ரூ, ஒரு தகட்டு மூடி, பாதி தேய்ந்த ஹாக்ஸா பிளேடு ஒன்று கிடைத்தன. நடைபாயில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.