மேற்கிலிருந்து வரும் கூத்தும் மழையும்

சென்னையில் தெருக்கூத்துக்கென்று ஒரு பருவம் உண்டென்றால் அது மார்கழி அன்று. பங்குனியில் தொடங்கி ஆடி முடியும் வரை நீளும் வெயில் காலம்தான். வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக விழா நடப்பது அந்த மாதங்களில்தான். நகரத்துக்குள்ளும் ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள்களை ஒட்டி, காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், வேன் பிடித்து வந்து இறங்குகின்றன. இந்தக் கூத்துகளைத் தேடிப் போய்ப் பார்த்துவருகிறவன் என்ற முறையில், கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது மழை.

வெயில் காலத்தில் மழை ஏது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்தாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கிடைத்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே பெய்கிறது. பகல் முழுதும் காய்ந்த நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றும், நண்பகலுக்குப் பின் உள்ளே நுழையும் கடற்காற்றும், மேற்கிலிருந்து வீசும் காற்றும் கூடும் இடத்தில் இடிமேகங்கள் திரள்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் பிற்பகலில் உருவாகும் அவை மேலைக் காற்றால் தள்ளப்பட்டு, பல நாள்களில் இரவு எட்டு ஒன்பது மணி வாக்கில் நகரத்தை எட்டுகின்றன. கூத்து சூடுபிடிக்கும் நேரமும் அதுவே. ஜமா வேன் வந்த சாலைக்கு மேலேயே மேகமும் வருகிறது என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. துறைமுக வளாகத்தில் இருக்கும், மழைமேகங்களைக் காட்டும் டாப்ளர் ரேடாரின் படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தால், அதில் வேடிக்கை அதிகம் இல்லை என்று தெரியும்.

ஓர் ஆடி வெள்ளியன்று தாம்பரத்துக்கு மேற்கே ஒரு தெருவில் பாஞ்சாலி துகிலுரிதல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியைக் கூத்துக்காரர்கள் வெறும் நடிப்பாக எடுத்துக்கொள்வதில்லை; துச்சாதனன் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி வணங்குவார்கள். கற்பூரம் பற்றிய நேரத்தில் முதல் துளிகள் விழுந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து போய், இரண்டு கைகளையும் தட்டுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தளக்காரர் வாசிப்பை நிறுத்தாமலேயே காலால் பாலித்தீன் உறையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பாத்திரங்கள் வரும்போது திரை பிடிக்கிற இரண்டு இளைஞர்கள், யாரும் சொல்லாமலேயே அந்தத் திரைச்சீலையை ஆர்மோனியத்துக்கு மேல் விரித்துப் பிடித்தார்கள். கண்ணனைக் கூவி அழைத்த பாஞ்சாலியின் பாட்டு இடியில் அமுங்கியபோது, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் முன்னால் வந்து, "அம்மா கூப்பிட்டது கண்ணனை, வந்து நிக்கிறது வருணன். அட்ரஸ் மாறிப்போச்சுங்கோ!" என்றான். சிரிப்பு அடங்குவதற்குள் மைக் செட்டுக்காரர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஈரத் தரையில் ஒயர்கள் கிடக்கும்போது அவருக்கு வேறு வழி இல்லை.

மழையில் முதலில் கெடுவது முகத்து வேடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வண்ணப் பொடிகளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதால் சிறு தூறல் முகத்தில் உருண்டு வழிந்துவிடும், எளிதில் அழியாது. உடனே பழுதாவது மத்தளம்தான். தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும், முகவீணை என்னும் ஊதுகுழலோடு சேராது. அடுத்தது கட்டை. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டி அலங்கரிக்கப்பட்டவை. பசை ஊறினால் கண்ணாடி உதிரத் தொடங்கும். அன்று டீக்கடையின் தாழ்வாரத்தில் துரியோதனன் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, துண்டின் நுனியால் ஒவ்வொரு கண்ணாடியாக ஒற்றி எடுத்து, விளிம்பில் ஆடிய ஒன்றைக் கட்டை விரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தார். டீக்காரர் நீட்டிய கிளாஸை வாங்க அவருக்கு மூன்றாவது கை இல்லை. பக்கத்தில் நின்ற பாஞ்சாலி வாங்கி, ஆற்றி, அவர் வாயருகே கொண்டுபோனார். சற்று முன் சபையில் நடந்ததைப் பார்த்திருந்த சிறுவர்களுக்கு இது பெரும் குழப்பமாக இருந்திருக்க வேண்டும்.

கிராமத்தில் இந்த இடைவெளி ஒரு பொருட்டே அன்று. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும் வரை ஆடும் கூத்தில் ஒரு மணி நேர மழைக்கு இடம் இருக்கிறது. சனம் கோயில் மண்டபத்திலும் திண்ணையிலும் ஒதுங்கும், குழந்தைகள் தூங்கும், மழை விட்டதும் சாக்கை உதறிப் போட்டு உட்காரும். ஜமாவை நடத்தும் ஆசிரியர் இரண்டு விருத்தங்களைக் குறைத்து, கட்டியக்காரனின் பேச்சைச் சுருக்கி, கதையைக் கிழக்கு வெளுப்பதற்குள் கரைசேர்த்துவிடுவார். விடிய விடிய ஆடுவதைப் பொறுமையின்மைக்குப் பழகிய நகரத்தார் நீட்டி முழக்குவதாகக் கருதுகிறார்கள். திறந்த வெளியில் ஆடும் கலைக்கு அந்த நீளம்தான் கூரை என்பது என் எண்ணம்.

நகரத்தில் அந்தக் கூரை பிடுங்கப்பட்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. தூங்க வேண்டியவர்கள் வாழும் ஊரில் விதி நியாயமானதே, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும் கூத்தில் மழை ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கதை போய்விடுகிறது. அன்று ஒன்பதரைக்கு மறுபடி தொடங்கினார்கள். துச்சாதனன் சேலையைப் பற்றியிருக்கும்போது பத்தாகிவிட்டது. அந்த நிலையில் பாஞ்சாலியை விட்டுவிட்டுப் போக எந்த ஜமாவும் சம்மதிக்காது. மைக் இல்லாமலேயே பின்பாட்டுக்காரர்கள் சேர்ந்து பாட, கண்ணன் சேலை அருளுவதைச் சில நிமிடங்களில் ஆடி, கூந்தல் முடியாச் சபதத்தை ஒரே விருத்தத்தில் சொல்லி, மங்களம் பாடி முடித்தார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே பழகிய பாட்டு முறை அது. தெருக்கோடி வரை கேட்டது. அன்றைய இரவில் மிகச் சிறந்த பத்து நிமிடங்கள் அவையே என்று தயங்காமல் சொல்வேன்.

பேசாமல் மேலே கூரை போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மேடைக்கு மேல் துணி கட்டுவது ஒன்றும் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் 'ஓவிய விதானத்து' முத்துமாலை தொங்குவதையும் சொல்கிறது. ஓவியம் தீட்டிய விதானம் மாதவியின் அரங்குக்கு அழகு. ஆடி மாதத்துக் காற்றுமழையை அது தாங்கியிருக்குமா என்பது வேறு கேள்வி. இன்று போடப்படும் தகரப் பந்தல் தாங்கும், ஆனால் தகரத்தில் மழை அடிக்கும்போது முகவீணையே கேட்காது என்றால் வசனம் எங்கே கேட்கப்போகிறது? குளிரூட்டிய அரங்குக்குள் கூத்தைக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று பக்கமும் தரையில் சனம் உட்கார்ந்திருக்க ஆடப் பழகியவர்கள், இருட்டில் ஒரே திசையைப் பார்த்து ஆடும்போது பாதி ஆளாகிவிடுகிறார்கள்.

மழை வேண்டியே ஆடப்படும் கூத்தும் இருக்கிறது. பாண்டவர் மறைந்து வாழும் நாட்டில் பருவம் தவறாமல் மழை பொழியும், அதுவே அவர்களைக் கண்டுபிடிக்க அடையாளம் என்று பீஷ்மர் சொல்லும் இடம் விராட பருவத்தில் வருகிறது. அந்த நம்பிக்கையில்தான் வறண்ட ஆண்டுகளில் விராட பருவத்தைப் படிப்பதும், அர்ச்சுனன் பேடி வேடத்தில் பசுக்கூட்டத்தை மீட்கும் மாடுபிடி சண்டையை ஆடுவதும் வழக்கமாயின. அந்த இரவில் மழை வந்து கூத்து நின்றால் ஊர் நாட்டாமைக்கு மகிழ்ச்சி, ஜமாவுக்குப் புகழ். நகரத்தில் அதே மழைக்கு முகம் சுளிக்கிறோம். பதினெட்டாம் போர் முடிந்து விடியும் படுகள நாளில் மட்டும் எல்லா ஊரும் வானத்தைக் கவலையோடுதான் பார்க்கும். மண்ணால் செய்து வண்ணம் தீட்டிக் கிடத்தியிருக்கும் துரியோதனன், பீமன் வந்து தொடையில் அடிப்பதற்கு முன்பே கரைந்துவிடக் கூடாது அல்லவா. அதனால் தார்ப்பாய் போர்த்திய துரியோதனனை விடிகாலையில் பார்க்க நேர்வதுண்டு.

விழா நாள்களில் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கிக்கு இசைவு தர அதே ஒலி மாசு விதிகளில் வழி இருக்கிறது. எங்கள் பகுதிக் கோயில் குழுவினரிடம், அந்த நாள்களில் கூத்தை வைத்து நள்ளிரவு வரை அனுமதி கேளுங்கள், ஆறரைக்கே தொடங்குங்கள், வாத்தியக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேல் மட்டும் நனையாத கூரை போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூரைக்கு அங்கேயே சம்மதித்தார்கள். ஆறரைக்குத் தொடங்கினால் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். அனுமதிக்குக் காவல் நிலையத்துக்கு யார் போவது என்பதில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.